பூட்டிய கோப்பில் ஒரு தாய்மாமன்

மனிதன் கட்டிய கோட்டைகள் அனைத்தும் ஏதோ ஒரு நாள் எதிரியிடம் விழுந்திருக்கின்றன. வில்லாபுரம் 'ஆனந்த் டிசைன்ஸ்' உரிமையாளர் விஜய்ஆனந்த் வாடிக்கையாளருக்கு அனுப்பிவைக்கும் கோப்பு மட்டும் விழுந்ததே இல்லை. வரலாற்று ஆசிரியர்கள் இதைக் கவனிக்காமல் விட்டது அவர்கள் தலையெழுத்து.

விஜய்ஆனந்த் ஃபிளெக்ஸ் பேனர் வடிவமைப்பவர். அச்சடிப்பது வேறு கடை, படைப்பது இவர். ஒரு காலத்தில் எல்லோரையும்போல இவரும் ஏமாளியாக, திருத்தக்கூடிய கோப்பைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். திருநகர் பட்டாபிராமன் சார் வந்துதான் அவர் கண்ணைத் திறந்தார். மகளின் வளைகாப்புக்கு என்று வாங்கிப்போன டிசைனில் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றி, தன் பணி ஓய்வு விழாவுக்கும் அதையே கட்டிவிட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவரைச் சுற்றி பேனர் முழுக்கக் கண்ணாடி வளையல்கள். கீழே 'வடிவமைப்பு: ஆனந்த் டிசைன்ஸ்'. விஜய்ஆனந்த் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் 'கோப்புப் பாதுகாப்புக் கொள்கை' பிறந்தது. கொள்கைப்படி படம், எழுத்து, பின்னணி எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே படமாக்கப்படும். யாரும் திருத்த முடியாதபடி அதற்கு பாஸ்வேர்டு போடப்படும். பாஸ்வேர்டில் பாதி அவருக்கும் மீதிப் பாதி மனைவி ஹம்சவேணிக்கும் மட்டுமே தெரியும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்தி 'ஒப்புதல்' அளித்த கையோடு, கம்ப்யூட்டரில் இருக்கும் மூலக் கோப்பு அழிக்கப்படும். இருந்தால்தானே திருடுவார்கள்? இந்த அளவுக்குத் தெளிவாகச் சிந்திக்கக்கூடிய மனிதர் தென்மாவட்டங்களில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் வாட்டர் கேன் போடும் அழகுபாண்டி தன் மகளின் காதணி விழாவுக்கு பேனர் சொன்னார். மொத்தம் நாற்பத்திரண்டு சொந்தக்காரர்கள். மேல்வரிசையில் குத்துவிளக்கோடு, 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு, காலமானவர்கள். அதற்குக் கீழே உயிரோடு இருப்பவர்கள். அவர்களில் முக்கியமானவர் கொட்டாம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் செல்வக்குமார்; பிள்ளையின் தாய்மாமன். அவர் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அவர் முறுக்கிக்கொண்டால் விழாவே இல்லை.

செல்வக்குமார் அனுப்பிய படத்தில் மாலையோடு இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் இயக்குநரானபோது எடுத்தது. நெற்றி நிறையச் சந்தனம், வெயிலில் பாதி மூடிய கண். விஜய்ஆனந்த் அதை உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மேல்வரிசையில் விளக்குப் பக்கத்தில் வைத்தார்.

கோப்பு வந்து சேர்ந்தபோது அழகுபாண்டி வண்டியில் ஆறு கேனோடு சிக்னலில் நின்றார். மகளின் படம் நன்றாக இருந்தது. கட்டைவிரலை உயர்த்திவிட்டு, குடும்பக் குழுவிலும் போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் கொட்டாம்பட்டி வீட்டு வாசலில் மாலையோடு எட்டுப் பேர் நின்றார்கள். கதவைத் திறந்ததே செல்வக்குமார்தான்.

மறுநாள் காலையில் அழகுபாண்டி கடைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, எங்க மச்சான் உசுரோட இருக்காருண்ணே."

"சந்தோசம் தம்பி. ஆனா நீங்க ஒப்புதல் குடுத்துட்டீங்களே."

"எதுக்குண்ணே?"

"அவரு காலமானதுக்கு. பதினொன்னு இருவதுக்குக் கட்டைவிரல் போட்டிருக்கீங்க."

"பாப்பா படத்தப் பாத்துப் போட்டேண்ணே. இப்ப அவரு வர மாட்டேங்கிறாரு. 'செத்தவன் மடியில பிள்ளைய எப்பிடிய்யா வைப்பீங்க'ன்னு கேக்குறாரு. வீட்ல செல்லத்தாயி நேத்துலருந்து அழுதுக்கிட்டே இருக்கா. ஒரே அண்ணன் அவளுக்கு."

ஹம்சவேணிக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. "ஏங்க, பாவமா இருக்கு. என்கிட்ட இருக்க பாதி பாஸ்வேர்டத் தாரேன், மாத்திக் குடுத்துருங்க."

"பாஸ்வேர்டு போட்டாலும் உள்ள எல்லாம் ஒரே படமா ஒட்டியிருக்கும். பிரிக்கணும்னா ஓப்பன் ஃபைல் வேணும். அத அழிச்சாச்சு."

"அப்ப புதுசாச் செய்யுங்க."

"ஒரே விழாவுக்கு ரெண்டு ஃபைல் இருந்தா நாளைக்கு எது உண்மைன்னு கேள்வி வராதா?" விஜய்ஆனந்த் அழகுபாண்டியின் தோளில் கை வைத்தார். "தம்பி, பேனர் ஒரு நாள்தான நிக்கப்போவுது. உங்க மச்சானக் கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க."

அழகுபாண்டி அங்கேயே உட்கார்ந்து அழுதார். அதைப் பார்த்து விஜய்ஆனந்துக்கும் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஆனால் கொள்கை என்று ஒன்று வந்த பிறகு, நெஞ்சுக்குள் செய்வதற்கெல்லாம் இடம் கொடுத்தால் தொழில் என்னாவது? ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

விழா நாளில் ஹம்சவேணி அவரை விடாப்பிடியாக அவனியாபுரம் மண்டபத்துக்கு இழுத்துப்போனார். அந்தக் குடும்பம் என்ன பாடுபடுகிறதோ என்று ஹம்சவேணிக்கு நிம்மதியே இல்லை. போனால், உள்ளே செல்வக்குமார் மடியில் பிள்ளை. காது குத்தியாகிவிட்டது. பிள்ளை வீறிட்டு அழ, செல்லத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஹம்சவேணிக்கும் சிரிப்பு வந்தது, வாசல் பேனரைத் திரும்பிப் பார்க்கும்வரை.

அது செல்வக்குமார் தானே அடித்துக் கொண்டுவந்த பேனர். அதில் பிள்ளைக்குப் பக்கத்தில் அவரே பெரிதாக, மாலையோடு நின்றார். மேல்வரிசையில் விளக்குப் பக்கத்தில், வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்த சிரித்த முகம் ஒன்று. கீழே 'தெய்வத்திரு விஜய்ஆனந்த்'. ஹம்சவேணி தாலியைப் பிடித்துக்கொண்டார்.

விஜய்ஆனந்துக்கு முகம் வெளுத்துவிட்டது. விறுவிறுவென்று செல்வக்குமாரிடம் போனார்.

"என் ஃபைல யாரு தொறந்தது?"

"யாரும் தொறக்கலண்ணே. போன்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். என்னைய வெட்டிக் கீழ வச்சேன். மேல ஒரு எடம் சும்மா கெடந்துச்சு."

"அப்ப லாக் ஒடையலயா?"

"ஒடையலண்ணே. அது அப்பிடியேதான் இருக்கு."

விஜய்ஆனந்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்து, குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உயிரோடிருந்த மனிதரைச் சாகடித்ததற்கு வருந்தாத அந்தப் பெருந்தகை, தான் செத்ததற்கும் வருந்தவில்லை. கோப்பு நலமாக இருந்தது.