முத்திரை வைத்த குளியல் குடிசை

கரசூக், இர்த்திஷ் ஆற்றின் இடக்கரை
1974 ஏப்ரல் 27, சனிக்கிழமை

மதிப்புக்குரிய அக்கா அக்ரிப்பினா அவர்களுக்கு,

ஓம்ஸ்கில் உங்கள் முழங்காலும் அத்தானின் காதும் இந்த வசந்தத்திலாவது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்று விரும்பி, தம்பி யெர்மொலாய் தலை வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுத வரவில்லை அக்கா. மருமகள் ஸீனாவுக்குக் காலையிலிருந்து பிரசவ வலி. குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்கிறாள் நர்ஸ் கப்பித்தோலினா. ஆற்றின் மேல் உறைந்து கிடந்த பனி இன்று விடியலில் வெடித்து ஓட ஆரம்பித்துவிட்டது. வண்டியும் போகாது, படகும் போகாது. ஆஸ்பத்திரி எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். ஹெலிகாப்டர் வேறு எங்கோ வெள்ளத்துக்குப் போயிருக்கிறதாம். பையன் லியோன்கா வடக்கே எண்ணெய்க் கிணற்றில். "குறுக்கும் நெடுக்குமா நடக்காம ஒரு இடத்துல உக்காருங்க" என்று என் வீட்டுக்காரி பெலகேயா என்னை விரட்டிவிட்டாள். விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸீனா இப்போது இருப்பது வீட்டில் இல்லை, நம் கொல்லைக் குளியல் குடிசையில். அங்கேதான் வம்பே. பழைய தொபோல்ஸ்க் மாகாணத்தில் பிறந்த பெரிய மனிதர்களைப் பற்றி மாவட்டத்தில் புத்தகம் போடுகிறார்கள் என்று போன வருஷம் எழுதினேனே, எதிர்க்கரைக்காரர்களுக்கு ஒரு தளபதி, ஒரு ஓபரா பாடகி என்று வரிசையாக இருக்க, நம் கரசூக்குக்கு மட்டும் யாரும் அகப்படவில்லை என்று ஊர்ச் சபைத் தலைவர் குஸ்மிச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாரே, கடைசியில் ஒருவர் அகப்பட்டுவிட்டார். பனி உடைக்கும் கப்பல்களை வடிவமைத்த பன்க்ராத் லுகிச் யெலானின். படகுக் கணக்கர் ஒருவரின் மனைவி இங்கே இறங்கி, ஏதோ ஒரு குளியல் குடிசையில் பெற்றுப்போட்டுவிட்டு, கைக்குழந்தையோடு அடுத்த படகில் ஏறிப் போய்விட்டாளாம். எந்தக் குடிசை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இருப்பதில் பழையது நம்முடையது, ஆகவே நம்முடையதுதான் என்று கை தூக்கி முடிவு செய்துவிட்டார்கள். ஏன் அக்கா, நீங்களும் நானும்கூட அங்கேதான் பிறந்தோம், நமக்கு யாராவது பலகை அடித்தார்களா?

அடித்தது பித்தளைப் பலகை. அடித்த கையோடு, இது இனிமேல் நினைவுச்சின்னம், அடுப்பு மூட்டக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பண்பாட்டுத் துறை அம்மாள் எலியனோரா பாவ்லொவ்னா கதவில் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டாள். அக்டோபரிலிருந்து சனிக்கிழமைதோறும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு சீதர் வாசலில் போய் நிற்கிறேன். அவன் சும்மா விடுவானா? "வாங்க வாங்க, மேதை வீட்டுக்காரரே! இன்னிக்கும் சாமானிய ஜனங்களோட வெந்நீர்தானா?" என்பான். குளித்த சுகம் படி இறங்குவதற்குள் போய்விடும்.

நேற்று மாலை, பனி தாங்கும் கடைசி நாளில், யெலானினையே அழைத்துக்கொண்டு ஒரு கூட்டம் ஆற்றைக் கடந்து வந்துவிட்டது. இன்று மதியம் திறப்பு விழா. வாத்தியக் கோஷ்டி முழுக்க நம் வீட்டில்தான் படுக்கை, அதில் பாதிப் பேருக்கு இருமல். ஸீனாவுக்கு வலி கண்டதும் கப்பித்தோலினா வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "இந்த இருமலுக்கு நடுவுல நான் குழந்தை எடுக்க மாட்டேன். சூடு வேணும், சுத்தமா ஒரு இடம் வேணும், கொதிக்கிற தண்ணி வேணும். குளியல் குடிசையைத் திறங்க" என்றாள். நான் கோடரியை எடுத்தேன்.

எலியனோரா பாவ்லொவ்னா ரப்பர் பூட்ஸோடு சேற்றில் ஓடி வந்து கதவின் குறுக்கே நின்றாள். "இது அரசாங்க முத்திரை! தொட்டா கேஸ் ஆயிடும்!" குஸ்மிச் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "யெர்மொலாய், என் கண்ணு, ஒரே ஒரு மணி நேரம்... ரிப்பன் வெட்டிக்கிறோம், அப்புறம் அவ பெத்துக்கட்டும்." அதைக் கேட்டுப் பெலகேயா பொங்கிவிட்டாள். "உன் பொண்டாட்டி நாலு பெத்தாளே, ரிப்பன் வெட்டுற வரைக்கும் நிறுத்தி வச்சாளா?" அத்தோடு விட்டாளா? யெலானின் பக்கம் திரும்பினாள். "ஐயா பனி உடைக்கிற கப்பல் கட்டினவராமே! ஒண்ணைக் கூப்பிடுங்களேன், என் மருமகளை அக்கரைக்குக் கொண்டுபோகணும்!" அந்தப் பெரிய மனுஷர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "எல்லாம் கடல்லம்மா இருக்கு" என்றார். பாவமாக இருந்தது. ஸீனா வேலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அப்புறம் நான் யாரையும் பார்க்கவில்லை. ஒரே அடி, அரக்கும் கயிறும் சேற்றில்.

அடுப்பு மூட்டியாயிற்று, புகை போகிறது. உள்ளே ஸீனாவின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது அக்கா. கேஸ் போடட்டும், உள்ளே தள்ளட்டும், அவள் கத்தினால் போதும். வெளியே குஸ்மிச் வாத்தியக்காரர்களிடம், "வாசிக்கவும் வேண்டாம், போகவும் வேண்டாம்" என்கிறார். எலியனோரா பாவ்லொவ்னாவைக் காணோம். எங்கேயாவது உட்கார்ந்து என்மேல் புகார் எழுதிக்கொண்டிருப்பாள், கல்நெஞ்சக்காரி.

ஆகவே ஒரு விண்ணப்பம். அந்தப் படகுக்காரி வந்தபோது உங்களுக்கு ஆறு வயசு இருக்கும். இன்று உயிரோடிருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான். யெலானின் நம் குடிசையில் பிறக்கவே இல்லை, சத்தியமாக இல்லை என்று மாவட்டத்துக்கு எழுதிப் போடுங்கள். நினைவில்லை என்றாலும் எழுதுங்கள். நினைவுச்சின்னம் இல்லையென்றால் நான் உடைத்தது என் சொந்தக் கதவுதானே?

உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் காய்ந்த விறகும் குறையாதிருக்கட்டும். கட்சிக்காரர்கள் கண்ணில் படாமல் தேவாலயத்தில் ஸீனாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

பணிவுள்ள தம்பி,
யெர்மொலாய்

பின்குறிப்பு: பெண் குழந்தை! காலை முன்னால் நீட்டிக்கொண்டுதான் வந்தாள். நீலமாக இருந்தாளாம், அழவில்லையாம், கப்பித்தோலினா முதுகில் தட்டித் தட்டிப் பார்க்க, பிறகு குழந்தை ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், வாத்தியக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஸீனா சோர்ந்திருக்கிறாள், ஆனால் தேநீர் கேட்டாள். நான் அழுதேன், எழுதுவதற்கென்ன. எலியனோரா பாவ்லொவ்னாவைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவள் இவ்வளவு நேரமும் உள்ளேதான் இருந்திருக்கிறாள், ஸீனாவின் தோளைத் தாங்கிக்கொண்டு. வெளியே வந்தபோது ரவிக்கை முழுக்க ரத்தம், "முத்திரைய எலி கடிச்சதா எழுதிடறேன்" என்றாள்.

மாவட்டத்துக்கும் ஒன்றும் எழுத வேண்டாம். குழந்தையைப் பார்க்க யெலானின் குனிந்து உள்ளே போனார், ஜன்னலைப் பார்த்தார், "உன்னைப் பெத்தப்போ ஜன்னல் வழியா ஆத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன்னு அம்மா சொல்லுவாங்க. இங்கேருந்து முட்டைக்கோஸ்தானே தெரியுது?" என்றார். ஆற்றைப் பார்த்த குடிசை சீதருடையது. முத்திரையும் அங்கேதான் போகிறது, அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மட்டும் ஏனோ மனசு கேட்கவில்லை அக்கா, பலகையைக் கழற்றும்போது. ஆணி இருந்த நாலு ஓட்டையையும் குஸ்மிச் மெழுகு வைத்து அடைக்கப் போனார். கையைத் தட்டிவிட்டேன். "அதைத் தொடாதீங்க, இருக்கட்டும். இன்னும் அறுபது எழுபது வருஷத்துல என் பேத்திக்குத் தேவைப்படும்."