தூங்குமூஞ்சி மரமும் தூங்காத துறையும்

மனிதர்களைக் காப்பாற்ற உலகில் எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. இருந்தும் மனிதர்கள் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மரங்களைக் காப்பாற்றுவதற்கென்று அந்த நகரத்தில் ஒரே ஒரு துறை இருந்தது. அதன் மூன்று மாடிக் கட்டடத்துக்குள் இன்றுவரை ஒரு மரம்கூடச் செத்ததில்லை. இப்படியொரு மாசற்ற சாதனை வேறெந்தத் துறைக்கும் கிடையாது என்பதைப் பதிவு செய்துவிட்டுத்தான் பல்செட்டுக்காரரின் கதையைத் தொடங்க வேண்டும்.

பல்செட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மேல்வரிசையும் கீழ்வரிசையும் செய்து கொடுப்பது அவர் தொழில். பின்னறையில் அவர் மனைவி குழந்தைகள் காப்பகம் நடத்தினார். வேலைக்குப் போகும் பெற்றோர் காலையில் விட்டுவிட்டுப் போகும் ஒன்பது குழந்தைகள். ஒன்பது சின்னக் கட்டில்கள். முன்னறையில் ஆள் இல்லாத பற்கள், பின்னறையில் பல் இல்லாத ஆட்கள் என்று வீடு நிறைவாக இருந்தது.

பின்னறைக்கு மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை பிடித்தது. சாயங்காலமானால் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கிவிடுவதால் அதற்கு அந்தப் பெயர். துறை நாலு மணிக்கே மடக்கிக்கொள்ளும். அதற்குப் பெயர் வைக்க மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. மதியம் குழந்தைகளைத் தூங்கவைப்பது தன் தாலாட்டு இல்லை, அந்த நிழல்தான் என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஒருநாள் துறையிலிருந்து ஆட்கள் வந்து மரத்தின் இடுப்பில் ஒரு தகடு கட்டினார்கள். ‘பாதுகாக்கப்பட்ட மரம். அனுமதியின்றி இதன் இலையைத் தொடுவதும் குற்றம்.’ பல்செட்டுக்காரருக்கு நெஞ்சு விம்மியது. இந்த வீட்டில் அரசாங்க அங்கீகாரம் பெற்ற முதல் உறுப்பினர் என்று மரத்தைச் சுட்டிக்காட்டுவார். உதிர்ந்த இலைகளைக் கூட்டிப் பெருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்த சட்டபக்தர் அவர்.

மழைக்காலத்துக்கு முன்னால், பின்னறைக் கூரைக்கு மேல் நீண்டிருந்த பெரிய கிளையில் வெள்ளை வெள்ளையாகக் காளான் பூத்தது. பட்டை உரிந்து தொங்கியது. மனைவியின் தம்பி மரம் வெட்டும் தொழில் செய்பவன். அவனை வரவழைத்தார்கள். ஏணி வைத்து ஏறி, சுத்தியலால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

“இந்தக் கிளை மட்டும்தான் அழுகியிருக்கு, மாமா. இப்ப எடுத்துட்டா மரம் இன்னும் நூறு வருஷம் நிக்கும். ரெண்டு மழை விட்டீங்கன்னா அழுகல் அடிமரத்துல இறங்கிடும். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்ல.”

பல்செட்டுக்காரருக்கு உடனே புரிந்தது. ஒரு சொத்தையை விட்டுவைத்ததால் ஒரு வரிசையே போனவர்களை வைத்துத்தான் அவர் குடும்பமே நடக்கிறது. மறுநாள் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு துறைக்குக் கிளம்பினார்.

மூன்றாம் மாடியில் எழுத்தர் ஒருவர் படிவத்தை நீட்டினார். முதல் வரியில் மரத்தின் பெயர். இரண்டாம் வரியில் தகப்பனார் பெயர்.

“யாரோட தகப்பனார், சார்? எனக்கா, மரத்துக்கா?”

“எது தெரியுமோ அதை எழுதுங்க.”

பல்செட்டுக்காரர் தன் தகப்பனார் பெயரை எழுதினார். அன்று முதல் கோப்பில் அவரும் மரமும் உடன்பிறந்தவர்கள் ஆனார்கள். எழுத்தர் படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தார்.

“கிளையை வெட்டணுமா? இது தலைமை அலுவலகம். கிளை சம்பந்தப்பட்டதுக்கெல்லாம் கிளை அலுவலகம் போகணும்.”

இரண்டு பேருந்து மாறிக் கிளை அலுவலகம் போனார். அங்கே இருந்தவர் படிவத்தைத் தொடக்கூட இல்லை.

“கிளையை வெட்டறதுக்குக் கிளையே அனுமதி கொடுத்ததா ஆயிடும், சார். நாளைக்கு ஒரு கேள்வி வந்தா நாங்க என்ன பதில் சொல்றது? தலைமையிலதான் கொடுக்கணும்.”

இந்த நடுநிலை பல்செட்டுக்காரரை உருக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: “எவ்வளவு கவனமா இருக்காங்க பாரு. அவ்வளவு சுலபமா ஒரு மரத்துமேல யாரும் கைவைக்க முடியாது.”

மனைவி குழந்தை ஒன்றுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். “அது சரி. மரம் நம்ம மேல கைவைக்கப் போகுதே, அதுக்கு ஏதாவது படிவம் இருக்கான்னு கேட்டீங்களா?”

தலைமைக்கும் கிளைக்குமாக அவர் ஏழு முறை அலைந்த பிறகு, முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் ஆய்வாளர் வந்தார். கையில் குடை, தலையில் மஞ்சள் நிறக் கவசத் தொப்பி. வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

“எந்தக் கிளை?”

“அதோ, சார். உள்ள வந்தீங்கன்னா காளான்கூட நல்லாத் தெரியும்.”

“இங்கேருந்தே தெரியுது.”

இடுப்பில் ஒரு குழந்தையோடு மனைவி வாசலுக்கு வந்தார். “கீழ வந்து ஒரு தட்டு தட்டிப் பாருங்க, சார். உள்ள ஒண்ணுமில்லாத சத்தம் கேக்கும்.”

“அந்தக் கிளைக்குக் கீழ நிக்க எனக்கு அனுமதி கிடையாதும்மா. விழுந்துட்டா?”

“அப்ப விழும்னு சொல்றீங்க.”

“நான் அப்படிச் சொல்லல. விழுந்துட்டான்னு கேட்டேன். கேக்கறது வேற, அறிக்கை கொடுக்கறது வேற.”

அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. ‘பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்வையிட்டதில் ஆபத்து எதுவும் காணப்படவில்லை. மேற்படி கிளையில் ஏழு இலைக்கொத்துகள் உயிருடன் உள்ளன. ஏழும் உதிர்ந்த பின் விண்ணப்பதாரர் மறுபடி விண்ணப்பிக்கலாம்.’

அன்றிலிருந்து பல்செட்டுக்காரர் காலையில் பல் துலக்குவதற்கு முன் கொத்துகளை எண்ணினார். ஆறு. ஐந்து. பிறகு நான்கிலேயே நின்றது. காற்று அடித்தால் நம்பிக்கையோடு வெளியே ஓடி வருவார். நம்பிக்கை மிதமிஞ்சி ஒருநாள் துணி உலர்த்தும் கழியைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்தவர், தகட்டைப் பார்த்ததும் குற்ற உணர்ச்சியோடு திரும்ப வைத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மைத்துனன் கயிறும் ரம்பமும் எடுத்துக்கொண்டு வந்தான்.

“ஒரு மணி நேர வேலை, அக்கா. கயிறு கட்டித் துண்டு துண்டா இறக்கிடறேன். கூரைமேல ஒரு தூசிகூட விழாது.”

பல்செட்டுக்காரர் ஏணிக்கு முன்னால் வந்து நின்றார். “இன்னும் நாலு கொத்து இருக்கு, மாப்பிள்ளை.”

“மாமா, உங்ககிட்ட ஒருத்தர் சொத்தைப் பல்லோட வந்தா என்ன சொல்வீங்க?”

“நான் கட்டற ஆள். பிடுங்கறதுக்கு அனுமதி உள்ளவங்க வேற இருக்காங்க.”

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா கணவரைப் பார்த்தார். அவர் இரண்டு கைகளாலும் ஏணியைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார். பிறகு அக்கா உள்ளே போனார். சற்று நேரத்தில் கட்டில்கள் தரையில் உராயும் சத்தம் கேட்டது.

“என்ன பண்றே?”

“பிள்ளைங்களை முன்னறைக்கு மாத்தறேன். கட்டிலை நகர்த்தறதுக்கு அனுமதி வேணும்னா போய் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் இது இங்கதான் கிடக்கும்.”

ஐந்து கட்டில்கள்தான் முன்னறையில் அடங்கின. மற்ற குழந்தைகளுக்குத் தரையில் பாய் விரித்தார். அலமாரியிலிருந்து முப்பது பல்செட்டுகள் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருக்கக் குழந்தைகள் தூங்கப் பழகின. இரண்டு தாய்மார்கள் பார்த்து முகம் சுளித்து, தங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பல்செட்டுக்காரர் தன் வேலையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டார்.

துறை தூங்கிக்கொண்டிருந்ததாக யாரும் நினைக்கக் கூடாது. ‘கிளை நீக்க உயர்மட்டக் குழு’ நான்கு முறை கூடியது. முதல் கூட்டம் அறிமுகத்துக்கு. இரண்டாவது, முதல் கூட்டத்தின் குறிப்புகளை ஏற்பதற்கு. மூன்றாவதில், கிளையின் புகைப்படத்தைத் தலைகீழாகப் பார்த்து அது வேர் என்றும், வேர்ப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் ஒரு கருத்து எழுந்தது. நான்காவதில் அந்தக் கருத்து நன்றியுடன் திரும்பப் பெறப்பட்டு, உடனடி நடவடிக்கையாக ஓர் அறிவிப்புப் பலகை வைக்கத் தீர்மானமாயிற்று. ஆட்கள் வந்து அதை ஆறு நீள ஆணிகளால் அடிமரத்தில் அறைந்தார்கள். பலகையில் இருந்த வாசகம்: ‘மரத்தில் ஆணி அடிப்பது தண்டனைக்குரியது.’

இரண்டாவது மழை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. காற்று பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தைகள் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கம் ஏதோ நீளமாகக் கிழியும் சத்தம், பிறகு வீடே ஒருமுறை குதித்தது. ஏழு குழந்தைகளும் ஒரே சமயத்தில் அழத் தொடங்கின. பல்செட்டுக்காரர் பின்னறைக் கதவைத் தள்ளினார், பாதிதான் திறந்தது. கூரை இருந்த இடத்தில் கிளை படுத்திருந்தது. நகர்த்தாமல் விட்ட நான்கு கட்டில்களும் தட்டையாகிக் கிடந்தன. மழை நேராக உள்ளே பெய்தது.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முன்னறையில் மனைவி குழந்தைகளை எண்ணும் குரல் கேட்டது. ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

மறுநாள் தபாலில் அனுமதி வந்தது. ‘தங்கள் விண்ணப்பம் பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு, கிளையை நீக்க அனுமதி வழங்கப்படுகிறது. நிபந்தனை: கிளை எக்காரணம் கொண்டும் கீழே விழாதவாறு அகற்றப்பட வேண்டும்.’

மைத்துனன் வந்தான். கிளை பிய்ந்த இடத்தில் இருந்த பொந்துக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி பழுப்புத் தூளை எடுத்துக் காட்டினான்.

“இறங்கிடுச்சு, மாமா.”

“அந்த இடத்தை மட்டும் சுத்தம் பண்ணிட்டா?”

“எந்த இடத்தை? இப்ப மரம் பூரா அந்த இடம்தான்.”

பல்செட்டுக்காரர் அந்தத் தூளை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேர வேலை என்று யாரோ சொன்னது அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மைத்துனன் கட்டு அவிழ்க்காத கயிற்றை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான். அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

செய்தி எட்டியதும் துறை புயலாக இயங்கியது. மூன்றாம் நாள் பெரிய இயந்திரத்தோடு பன்னிரண்டு பேர் வந்து, இரண்டு மணி நேரத்தில் மரத்தை மொத்தமாகச் சாய்த்தார்கள். பல்செட்டுக்காரர் ஆய்வாளரிடம் பணிவாகக் கேட்டார்: “இதுக்குப் படிவம் எதுவும் வேண்டாமா, சார்?”

“துறை வேலைக்குத் துறை அனுமதி எதுக்கு?” என்றார் ஆய்வாளர். இந்த முறை அவர் மரத்துக்கு மிக அருகில், அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு மாதம் கழித்து விழா நடந்தது. அடிக்கட்டைக்கு மெருகு பூசி, அதன்மேல் பித்தளைப் பட்டயம் பதித்திருந்தார்கள்: ‘இம்மரம் இத்துறையால் இறுதிவரை பாதுகாக்கப்பட்டது.’ வெயில் மண்டையைப் பிளந்தது. நாற்காலிகளை நிழலில் போடலாம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் நிழலைத் தேடிவிட்டு மறுபடி வெயிலிலேயே உட்கார்ந்தார்கள்.

துணை இயக்குநர் பேசினார். “ஒரு கிளையைக்கூட வெட்ட நாங்கள் விடவில்லை. அத்தனை பெரிய கிளை விழுந்தும் ஒரு குழந்தைக்குக் கீறல் இல்லை. இது துறையின் முன்யோசனைக்குக் கிடைத்த வெற்றி.” கைதட்டல் எழுந்தது. பல்செட்டுக்காரரின் கைகளும் பழக்கத்தில் தட்டுவதற்காக உயர்ந்தன; பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்து, அவற்றை மடியில் போட்டுக்கொண்டார்.

பயனாளி என்ற முறையில் இரண்டு வார்த்தை பேசும்படி மனைவியை அழைத்தார்கள். அவர் போய் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். அடம்பிடிக்கும் பிள்ளைகளிடம் பேசும் அதே நிதானமான குரலில் சொன்னார்:

“மரத்தைக் காப்பாத்தினோம், காப்பாத்தினோம்னு எல்லாரும் சொன்னீங்க. ரொம்ப சந்தோஷம். யார்கிட்டேருந்து காப்பாத்தினீங்கன்னு மட்டும் யாரும் சொல்லலையே.”