குளிர்விப்பான் என்பது காரணப்பெயர்

குளிர்காலத்தில் குடிமக்கள் குளிரில் வாடாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அந்த நகரத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. பொதுமக்கள் கதகதப்பு இயக்குநரகம் என்று பெயர். அதன் வாகனப் பிரிவுக் கண்காணிப்பாளரை எல்லோரும் ஆமாஞ்சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நேரிலேயே கூப்பிட்டுவிட்டு, "அப்படித்தானே?" என்று கேட்டால் அவரும் "ஆமாம்" என்பார். அதில் அவருக்கு வருத்தமில்லை. "இல்லை" என்று சொன்னவர்களெல்லாம் ஊருக்கு வெளியே குடோனில் பழைய கம்பளி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவரோ மாடியில், வெயில் வரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

பனி கொட்டிய ஒரு காலையில் இயக்குநர் பல் தந்தியடிக்க உள்ளே வந்தார்.

"என் வண்டியில ஹீட்டர் வேலை செய்யல. ஐஸ் பெட்டிக்குள்ள உட்கார்ந்து வர்ற மாதிரி இருக்கு. காலுக்குக் கீழ ஈரம் வேற. கதகதப்புக்கே அதிகாரி நான். நானே விறைச்சுப்போய் இறங்கினா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"ஆமாம் சார், நினைக்கத்தான் செய்வாங்க."

இயக்குநர் எப்போதும் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவார். பின்சீட்டு ஆடம்பரம், முன்சீட்டு எளிமை என்று மேலதிகாரிகளிடையே அப்போது ஒரு மோகம் பரவியிருந்தது. அவர் எளிமையாக வருவதைப் படம் பிடிக்கப் பின்சீட்டில் ஒரு புகைப்படக்காரர் வருவார்.

கண்காணிப்பாளர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து கூலன்ட் பாட்டிலை ஆட்டிப் பார்த்தார். அடியில் பேருக்குக் கொஞ்சம் இருந்தது. முன்சீட்டுக் கால்விரிப்பைத் தொட்டு மோந்துவிட்டு, விரலைக் கண்காணிப்பாளர் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"இனிப்பா வாசம் அடிக்குதா? பிசுபிசுன்னு இருக்கா? கண்ணாடி உள்பக்கமா மங்கியிருக்கு பாருங்க. டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி இருக்கு. இஞ்சின்ல சூடான கூலன்ட் அது வழியா ஓடும், ஃபேன் அது மேல காத்தடிக்கும். அதுதான் உங்க ஹீட்டர். பெட்டி ஓட்டையாயிடுச்சு. கூலன்ட் எல்லாம் உங்க சாரோட கால்ல ஊத்துது. சூட்டைச் சுமந்து வர ஆளே இல்லைன்னா காத்து சில்லுன்னுதான் வரும். பெட்டியை மாத்திட்டுக் கூலன்ட்டை ரொப்பணும். அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. இஞ்சின் வெந்துடும்."

அடுப்பில் தண்ணீர் சுண்டினால் பாத்திரம் கருகும் என்று தெரிந்த யாருக்கும் இது புரிந்துவிடும். கண்காணிப்பாளருக்கும் தெள்ளத் தெளிவாகப் புரிந்தது. புரிந்ததை அப்படியே அறிக்கையாக எழுதிக்கொண்டுபோய் இயக்குநர் முன்னால் வைத்தார்.

"கூலன்ட்டுன்னா என்ன?"

"குளிர்விப்பான் சார்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கொட்டுற பனியில என் வண்டிக்குள்ள குளிர்விப்பானை ஊத்தினது யாரு?"

"எல்லா வண்டியிலயும் இருக்கும் சார்…"

"எல்லா வண்டியிலயுமா! அதுதான் ஊரே நடுங்குது. இதுல, ரொப்பணும்னு வேற எழுதியிருக்கீங்க. கொஞ்சூண்டு இருக்கும்போதே இந்தக் குளிர்னா, ரொப்பினா நான் உயிரோட வீடு போய்ச் சேருவேனா?"

விளக்கம் கண்காணிப்பாளரின் தொண்டை வரை வந்தது. அந்த வாரம்தான் துணை இயக்குநர் பதவி காலியாகியிருந்தது. விளக்கம் வந்த வழியே திரும்பிப் போனது.

"ஆமாம் சார். நான் அந்தக் கோணத்துல யோசிக்கல."

மறுநாளே உயர்நிலைக் குழு கூடியது. முதலில் மொழிப் பிரிவு அலுவலர் எழுந்து தொண்டையைச் செருமினார். "குளிர்விப்பான் என்பது இடுகுறிப்பெயர் அல்ல, காரணப்பெயர். பறப்பதால் பறவை. குளிர்விப்பதால் குளிர்விப்பான். இலக்கணப்படி அது சூட்டைத் தர வாய்ப்பே இல்லை." இலக்கணத்தை எதிர்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

அடுத்து மேலாண்மை ஆலோசகர். சாக்ஸ் போடாமல், கணுக்கால் தெரியக் கால்சட்டை போட்டிருந்தார். அதுதான் அப்போதைய நாகரிகம். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. "நாம சூடு வேணும் வேணும்னு அலையறோம். ஆனா உள்ளே குளிர்ச்சியைக் கெட்டியாப் பிடிச்சு வெச்சிருக்கோம். விட்டுடுங்க. விட்டுட்டா, வரவேண்டியது தானா வரும்" என்றார். இதைப் பலர் குறித்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையிலிருந்த பொறியாளர் கையைத் தூக்கினார். "சார், போன வருஷம் பாட்டில் நிறைய இருந்தப்போ ஹீட்டர் நல்லாத்தானே வேலை செஞ்சுது?" மதியத்துக்குள் அவரைக் குடோனுக்கு மாற்றி உத்தரவு வந்தது. போகிற வழியில் கண்காணிப்பாளரிடம், "உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டார். கண்காணிப்பாளர் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டார். அன்று அவர் போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ.

மிச்சமிருப்பதையும் வடித்துவிடுவது என்று முடிவானது. பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு உத்தரவைப் படித்தார். "கையெழுத்து இருக்குல்ல? எனக்கென்ன வந்தது. ரொப்பச் சொன்னா ரொப்புவேன், வடிக்கச் சொன்னா வடிப்பேன்" என்று அடைப்பானைத் திறந்துவிட்டார். டிரைவரிடம் கேட்டதற்கு, "நான் ஸ்டியரிங் பிரிவுங்க" என்றார்.

வண்டி தயாரான அதே நாள் சாயங்காலம் கண்காணிப்பாளருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, நம்ம பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். டாக்டர் முகமே சரியில்லை. சீக்கிரம் வாங்க."

பதறிப்போய் அனுமதி கேட்டபோது இயக்குநர் பெருந்தன்மையின் உச்சத்தில் இருந்தார். "பஸ்ஸுல எதுக்குப் போகணும்? நம்ம வண்டியிலயே விடறேன். புது முறையில முதல் பயணம், சரித்திரத்துல நிக்கும். ஏறுங்க."

நீந்தத் தெரியாதவன், ஓட்டைப் படகு என்று தெரிந்தே ஏறுவதுபோல் கண்காணிப்பாளர் புகைப்படக்காரருக்குப் பக்கத்தில் ஏறினார்.

வண்டி கிளம்பிச் சற்று நேரத்தில் உள்ளே வெதுவெதுப்பு வரத்தான் செய்தது. அது ஹீட்டரிலிருந்து வரவில்லை. எரிகிற இஞ்சினிலிருந்து வந்தது. இயக்குநர் கையுறையைக் கழற்றினார். பிறகு கோட்டைக் கழற்றினார்.

"பாத்தீங்களா! சூடு!"

"ஆமாம் சார்."

"அந்த ஊசி எங்க போயிருக்கு பாருங்க, உச்சிக்கே போயிடுச்சு. இத்தனை வருஷத்துல இந்த வண்டி இவ்வளவு சூட்டைக் காட்டினதே இல்லை. ஏதோ வாசனைகூட வருது."

"கருகல் வாசனை சார்," என்றார் புகைப்படக்காரர். அவர் ஒப்பந்த ஊழியர், விவரம் போதாது.

பாலத்தின் நடுவில் இஞ்சின் ஒருமுறை விக்கி, கடகடவென்று நடுங்கி, நின்றே போனது. பானெட் இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. டிரைவர் சாவியைத் திருகிப் பார்த்தார். முனகல்கூட வரவில்லை. கொட்டுகிற பனியில் வேறு வண்டியும் இல்லை.

கண்காணிப்பாளர் இறங்கி நடந்தார். முழங்கால் வரை பனி. காது இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே மகள் உயிருக்குப் போராடுகிறாளோ என்னவோ. இங்கே பெற்றவன், தெரிந்தே சாகடித்த வண்டியை விட்டு நடக்கிறான். 'போதும்டா சாமி! நாளைக்குப் போய் எல்லாத்தையும் போட்டு உடைக்கிறேன். குடோனுக்கு அனுப்பினா அனுப்பட்டும்' என்று பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்துக்குப் பனி மட்டுமே சாட்சி.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நல்லபடியாகத்தான். பேத்தி பிறந்திருந்தாள், மகளும் பிழைத்திருந்தாள். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அரசாங்க வண்டியில வர்றேன்னீங்க?"

"வந்தேன். பாதி வரைக்கும்."

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அலுவலகம் போனார். அவர் வாயைத் திறக்கும் முன்பே இயக்குநர் கைகுலுக்கினார். மூக்கு நுனி கறுத்திருந்ததே தவிர உற்சாகத்துக்குக் குறைவில்லை.

"மாபெரும் வெற்றி! வண்டிக்குள்ள சூடு வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார். ஆனா வண்டி நின்னு…"

"நின்னது இஞ்சின் பிரிவு சமாச்சாரம். அதை அவங்க பாத்துக்கட்டும். சூடுதான் நம்ம சமாச்சாரம். இதை ஊருக்கெல்லாம் கொண்டு போகணும். 'குளிர்விப்பான் ஒழிப்பு வாரம்'. சுற்றறிக்கையை நீங்கதான் எழுதறீங்க. கூடப் பயணம் செஞ்சவர் நீங்க. துணை இயக்குநர் நாற்காலிக்கும் ஓர் அனுபவசாலி வேண்டாமா?"

பாலத்தில் செய்த சத்தியம் பாலத்தோடு நின்றது. சுற்றறிக்கையைப் பிரமாதமாக எழுதினார். "அன்பான குடிமக்களே, உங்கள் வாகனத்தின் உள்ளேயே ஒளிந்திருக்கும் எதிரியை அறிவீரா?" என்று ஆரம்பித்து, காரணப்பெயர் விளக்கத்தையும் சேர்த்து, கீழே இயக்குநர் பெயரைப் போட்டார். தெருவுக்குத் தெரு ஒட்டினார்கள். படித்தவர்கள் வரிசையில் நின்று வடித்தார்கள். வடிக்காதவர்களைப் பட்டிக்காட்டான் மாதிரி பார்த்தார்கள். வண்டி நின்றுபோனவர்கள் வெளியே சொல்லவில்லை. நின்ற வண்டிக்குள் கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நிறுத்தியதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். சரியாக விடத் தெரியாததால்தான் நின்றது என்று ஆலோசகர் தனிப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்.

மகளை வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. மாப்பிள்ளை தன் காரை ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மகளும் மனைவியும் குழந்தையோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். இப்போது துணை இயக்குநராகிவிட்ட கண்காணிப்பாளர் பெட்டி படுக்கையை டிக்கியில் வைத்துவிட்டு வந்தார்.

"கவலையே படாதீங்க மாமா, பாப்பாவுக்குத் துளி குளிர் இருக்காது. காலையிலதான் கூலன்ட்டைச் சுத்தமா வடிச்சேன்."

துணை இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். அலுவலகத்து ஆட்கள் யாரும் இல்லை. தாழ்ந்த குரலில், வாழ்நாளில் முதல் தடவையாக, "இல்லை மாப்பிள்ளை. அது தப்பு. கூலன்ட் இல்லாம வண்டியை எடுக்கக் கூடாது. இஞ்சின் வெந்துடும். பச்சைக் குழந்தையோட நடுவழியில நிப்போம்" என்றார்.

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க, நீங்க அந்தக் காலத்து ஆளு. உங்க ஆபீஸ் சுற்றறிக்கையை நீங்களே படிக்கலையா? எவ்வளவு தெளிவா எழுதியிருக்கான்! எழுதினவன் சாதாரண ஆளில்லை மாமா, விஷயம் தெரிஞ்சவன்."

மறுப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை எழுதிய ஆள் யாரென்று சொல்ல வேண்டும். பின்கதவுக் கண்ணாடி இறங்கியது.

"என்னங்க நின்னுட்டே இருக்கீங்க? குழந்தைக்குக் குளிருதுல்ல, வந்து ஏறுங்க," என்றாள் மனைவி.

ஏறினார். வண்டி தெருமுனை தாண்டியதும் ஊசி மெல்ல நகர ஆரம்பித்தது. "அம்மா, ஏறுது பாரு!" என்றாள் மகள். மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மனைவி குழந்தையின் பிஞ்சுக் கைகளைப் பிடித்துத் தட்டவைத்தாள். எல்லோரும் திரும்பித் தன்னையே பார்க்கவும், துணை இயக்குநரும் கை தட்டினார்.