ஆயுள் முழுக்கச் சேவை

கதவு அப்பாவுக்கு நன்றி சொன்னது. ஆனால் திறக்கவில்லை.

காலை ஏழரை மணி. குப்பைப் பையை வெளியே வைக்கப் போனவர். பாதி முகத்தில் ஷேவிங் நுரை. பின்னாலேயே கதவு தானாகச் சாத்திக்கொண்டு, தானாகப் பூட்டிக்கொண்டது. பூட்டுவது மட்டும் அதற்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, தினமும் அமுக்குகிற இடத்தில் அமுக்கினார். திரையில் எழுத்து வந்தது: ‘இந்தச் சேவை இன்றுடன் நிறுத்தப்படுகிறது. இதுவரை எங்களோடு பயணித்ததற்கு நன்றி.’

“நான் எங்கடா பயணிச்சேன், வாசல்லதானே நிக்கிறேன்” என்று அப்பா கதவிடம் கேட்டது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது. உள்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. திருகினால் திறக்கும். திருகினேன். நுரை கழுத்துவரை வழிந்துவிட்டது. அவர் துடைக்கவில்லை. பேயறைந்த மாதிரி நின்றார்.

அந்தப் பூட்டை வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அப்பா வாங்கினார். அம்மா வேண்டாம் என்றாள், அதனாலும் வாங்கினார். அதில் சாவித் துவாரமே கிடையாது. அதுதான் அதன் பெருமை என்று பெட்டியில் போட்டிருந்தது. வெளியிலிருந்து திறக்க வேண்டுமானால் போன் சொல்ல வேண்டும். போன் சொல்வதைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் கேட்டு, அது பூட்டிடம் சொல்ல வேண்டும். கம்பெனி அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டது. பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனாலும் செத்துவிட்டது.

அதாவது, இனி வீட்டுக்குள் யாராவது ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். அப்பாவுக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிற வேலை. அம்மாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில், நஷ்டஈடு கேட்டு வருகிற கடிதங்களில் ஓட்டை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற வேலை. நான் ப்ளஸ் டூ முடித்துவிட்டேன், இனிமேல் படிக்க மாட்டேன் என்று சொல்லியும்விட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு அச்சகத்தில் சேர வேண்டும். ஒன்றாம் தேதி வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். யார் வீட்டில் இருப்பது என்று ஒரு விவாதம் நடந்திருக்கலாம். நடக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் கதவுக்குக் குமிழ் திருகுகிற ஆள் ஆனேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வாரம் முன்னால் அப்பா ஒரு சபதம் எடுத்திருந்தார். வண்டி கற்றுக்கொள்ள வந்த ஒருவர், “என்ன சார், இடது பக்கம் திரும்பறதுக்குக்கூட வீட்ல கேட்டுக்கிட்டு வருவீங்க போலிருக்கே” என்று சிரித்தாராம். அன்று சாப்பிடும்போது அப்பா அறிவித்தார்: இனி இந்த வீட்டில் அவர் முடிவுதான் முடிவு. அம்மா ஒன்று சொன்னால் அதற்காகவே அதைச் செய்ய மாட்டார். அம்மா குழம்பை ஊற்றிக்கொண்டே “சரிங்க” என்றாள். அவ்வளவுதான். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

பூட்டு செத்த அன்று அப்பா முகத்தைக்கூடக் கழுவாமல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் திருகாணியில் வைத்துவிட்டார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள்.

“அதான் சரி. கழட்டி எறிஞ்சுடுங்க” என்றாள்.

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

“எறியறதா? இது சாட்சி. இதுல யாரும் கை வைக்கக் கூடாது” என்றார் அப்பா.

அப்புறம் போனில் இன்னொரு திரை வந்தது. கம்பெனி ரொம்ப வருத்தப்படுகிறது. வருத்தத்துக்குப் பரிசாகப் புது மாடலைப் பாதி விலைக்குத் தருகிறது. கீழே பச்சையாக ஒரு பட்டன்: ‘சம்மதம்’. அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அம்மா போனை வாங்கினாள். சின்ன எழுத்தைப் பார்த்தால் அம்மாவுக்குப் பசியே எடுக்காது. கடைசி வரி வரைக்கும் தள்ளித் தள்ளிப் படித்தாள். படித்துவிட்டு, “பாதி விலைன்னா லாபம்தானேங்க. அமுக்கிடுங்க” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேதியில் ஒரு புள்ளி விட்டுப்போனால் மனுவைத் திருப்பி அனுப்புகிறவள் இவள். அவள் கையிலிருந்து போனை வாங்கி நானும் படித்தேன். பதின்மூன்றாவது பத்தியில் இருந்தது: இந்தப் பட்டனை அழுத்துவதன் மூலம், பழைய பூட்டு தொடர்பாக இனி எந்தப் புகாரும் செய்ய மாட்டேன், எந்த மன்றத்துக்கும் போக மாட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீ சொல்லிட்டே இல்ல, அமுக்க மாட்டேன்.”

பத்தியைப் படிக்கவேயில்லை. அமுக்கவில்லை, அது போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

அடுத்து அம்மா சொன்னது, பூட்டை விற்ற கடைக்காரர் பாவம், அவர் என்ன செய்வார், கம்பெனிக்கே போன் போட்டுப் பேசுங்கள் என்று. அப்பா நேராகக் கடைக்குப் போனார். திரும்பி வந்தவருக்கு நாற்காலியில் உட்காரக்கூடத் தெரியவில்லை, அவ்வளவு அதிர்ச்சி. கடைக்காரர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, நான் பூட்டுதான் விற்றேன், கம்ப்யூட்டரையா விற்றேன் என்று கேட்டாராம். அப்பா பெட்டியைக் காட்டியிருக்கிறார். ‘ஆயுள் முழுக்கச் சேவை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

“ஆமா சார், பூட்டோட ஆயுள்” என்றாராம் கடைக்காரர். “அதுதான் முடிஞ்சுபோச்சே.”

“யார் முடிச்சது?”

“கம்பெனிதான்.”

அப்பா இதை எங்களிடம் நான்கு முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் கடைசி வரியில் குரல் உடைந்தது. ஒருத்தன் பொருளை விற்றுவிட்டு, அது எப்போது சாக வேண்டும் என்பதையும் அவனே முடிவு பண்ணலாமா? எனக்கும் அதுதான் புரியவில்லை. இன்னமும் புரியவில்லை. மனுஷன் கடையில் சாமான் வாங்குகிறானா, கடன் வாங்குகிறானா?

அம்மா மட்டும் பதறவில்லை. அந்தப் பெட்டியும் பில்லும் வீட்டில் எதற்கு, இடத்தை அடைக்கிறது, குப்பையில் போடுங்கள் என்றாள். அன்றிலிருந்து அப்பா பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். நுகர்வோர் மன்றத்துக்கெல்லாம் அலையாதீர்கள், விட்டுத் தொலையுங்கள் என்றாள். மறுநாளே அப்பா போய், கடைக்காரர் மேலும் கம்பெனி மேலும் சேர்த்து மனு கொடுத்தார். பெரிய வக்கீலாகப் பார்த்து இருபது பக்கம் எழுதச் சொல்லுங்கள் என்றாள். அப்பா தன் கையால் ஒரே பக்கம் எழுதினார்.

நான் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கும்போது விசாரணை வந்தது. அம்மா லீவு போட்டுக் கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்தாள், என்னை அப்பாவுடன் அனுப்பினாள். வாசலில் அப்பாவின் காலரைச் சரிசெய்தபடி, “எல்லாத்தையும் விளக்கமா சொல்லுங்க. முதல்லேருந்து. உங்களுக்கு மனசுல என்னென்ன தோணுதோ ஒண்ணு விடாம” என்றாள். அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார்.

மன்றம் என்றால் பெரிய மாளிகை என்று நினைத்திருந்தேன். ஒரு ஹால், ஆடுகிற பெஞ்சுகள், சத்தம் போடுகிற மின்விசிறி. கண்ணாடி போட்ட ஒரு அம்மையார் தலைமையில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி சார்பில் ஒரு இளம் வக்கீல் தலையணை கனத்தில் கோப்பு வைத்திருந்தார். அப்பா பேசப் பேச அவர் வார்த்தையைப் பிடித்தே மடக்கலாம் என்று காகிதங்களுக்கு நடுவே கலர் கலராக அடையாளம் செருகியிருந்தார். வீட்டில் பல்பு எரியவில்லை என்றாலே அப்பா அரை மணி நேரம் பேசுவார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அப்பா எழுந்தார். பெட்டியை மேஜையில் வைத்தார்.

“ஆயுள் முழுக்கச் சேவைன்னு போட்டு வித்தாங்க. ரெண்டே வருஷத்துல அவங்களா நிறுத்திட்டாங்க. உள்ள ஒரு ஆள் இல்லாம என் வீட்டை விட்டு நாங்க வெளியே போக முடியல.”

உட்கார்ந்துவிட்டார்.

வக்கீல் காத்திருந்தார். அம்மையாரும் காத்திருந்தார். மின்விசிறி மட்டும் பேசியது. பிறகு வக்கீல் வேறு வழியில்லாமல் எழுந்து, பாதி விலைக்குப் புதிது தருவதாகச் சொன்னோமே என்றார். அம்மையார் அப்பாவைப் பார்த்து, சம்மதம் என்று அமுக்கினீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அப்பா. பூட்டைக் கழற்றினீர்களா? இல்லை. பில்? இதோ. வக்கீல் அடையாளங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.

உத்தரவு அன்றே வந்தது. வாங்கும்போது சொன்னதை விற்றவரும் செய்தவரும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும். கொடுத்த விலை முழுவதையும் திருப்ப வேண்டும். மூன்று நாளுக்குள் அவர்கள் செலவில் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு மாட்டித் தர வேண்டும். மூன்றாம் நாள் கடைக்காரரே வந்து மாட்டினார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே மாட்டினார். நான் ஒன்றாம் தேதி வேலைக்குப் போய்விடலாம்.

அன்று மாலை அப்பா வீடு முழுக்க நடந்தார். அம்மா பேச்சைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரிசையாகச் சொன்னார். அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன், எப்படி ஒன்றுவிடாமல் எல்லாமே தப்பாகச் சொன்னாய் என்று.

அம்மா அடுப்பைத் தணித்தாள். “எங்க ஆபீஸ்ல தோத்துப்போற கேஸ் எல்லாம் வாயாலதான் தோக்கும். உங்கப்பாகிட்ட ‘பேசாதீங்க’ன்னு நான் சொல்லியிருந்தா?”

“சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்பார்.”

“‘அமுக்காதீங்க’ன்னு சொல்லியிருந்தா?”

உடனே அமுக்கியிருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன், பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசற்படியில் அப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ. குப்பைப் பையோடு வெளியே மாட்டிக்கொண்ட அன்றுகூட அவர் முகம் இப்படி இல்லை. ஸ்க்ரூடிரைவர், பட்டன், கடை, பெட்டி, மன்றம் என்று ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் ஓடுவது தெரிந்தது.

அம்மா ஒரே ஒரு தட்டில் சோறு போட்டாள். எங்கள் சமையலறையில் நாற்காலியும் ஒன்றே ஒன்றுதான்.

“நின்னு நின்னு கால் வலிச்சிருக்கும். உக்காந்து சாப்பிடுங்க” என்றாள்.

அப்பா நாற்காலியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

அம்மா உட்கார்ந்தாள்.