பதினோரு பேர்

"தோ" என்று கூப்பிட்டார் கம்பான் வாத்தியார். பதில் இல்லை.

தோ முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். ஊர்த்தலைவர் சோங்நெங்கின் கடைக்குட்டி. போன மாதக் கடைசியில் காய்ச்சலில் கிடந்து, உடம்பு தேறி அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் வந்திருந்தான். காதில் ஒரு கோளாறும் இல்லை. பக்கத்துப் பையன் கிசுகிசுத்ததற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான்.

"டேய் தோ, உன்னத்தான்."

"தோ இங்க இல்ல சார்."

"அப்ப நீ யாரு?"

"நான் கரிச்சட்டி சார்."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் கம்பான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

மலைமேல் இருந்த பூசாங் கிராமத்தில் அறுவடை முடிந்ததும் காய்ச்சல் வரும். இரண்டு நாளில் இறங்காவிட்டால் கோழி அடித்து, மணிக்கட்டில் நூல் கட்டி, பிள்ளையின் பெயரை மாற்றிவிடுவார்கள். பிள்ளையைக் கொண்டுபோக வரும் ஆவி பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கும். அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டால் திரும்பிப் போய்விடும். அதுவும் புதுப் பெயர் ஆவிக்கே ஆசை வராத பெயராக இருக்கவேண்டும். ஐந்து வருஷமாக அங்கே பாடம் நடத்துகிற, போன மாதக் கடைசியில் தானும் நான்கு நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்து எழுந்த கம்பானுக்கு இது தெரியாததல்ல. வருஷத்துக்கு ஒன்றிரண்டு பெயர் மாறும். பதிவேட்டில் அடித்து எழுதிக்கொள்வார். இந்த வருஷம் ஒரே மாதத்தில் பதினோரு பெயர். கரிச்சட்டி, ஓட்டைக்கூடை, பன்றித்தொட்டி என்று வருகைப் பதிவேடு பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிட்டது.

சாதாரண நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். வருகிற வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். கம்பானின் மனைவியும் மூன்று வயது மகளும் இரண்டு நாள் பயணத் தொலைவில், ஆற்றங்கரை ஊரில் இருந்தார்கள். ஊர் மாறுதல் கேட்டு மூன்று மனு போட்டும் பதில் இல்லை. பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் மனு மேசையை விட்டு நகரும் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள். போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது மகள் அவரைக் காட்டி, "இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாரு?" என்று கேட்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆகவே அவர் பிள்ளைகளிடம் கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் வருகிற ஒரு நாள் மட்டும் எல்லோரும் பழைய பெயருக்கு 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

மதியத்துக்குள் தோவின் அம்மா மாய் யேர் களைக்கொத்தோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

"என் புள்ள பேர ஊர் கேக்கக் கத்தப் போறீங்களாமே வாத்தியாரே. அது காதுல விழுந்தா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?"

"ஒரே ஒரு நாள்தான் அக்கா."

"அதுக்கு ஒரு தடவ கேட்டாப் போதும்."

மறுநாள் வகுப்பில் இருபது பேர்தான் இருந்தார்கள். பெயர் மாறிய பதினோரு பேரையும் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பான் தலைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, இனி யாருடைய பழைய பெயரும் தன் வாயில் வராது என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். தலைவர் சோங்நெங் நல்ல மனுஷர்தான். ஊருக்குப் பயப்படமாட்டார், பெண்டாட்டிக்குப் பயப்படுவார்.

பிள்ளைகளை மாற்ற முடியாவிட்டால் ஆபீஸில் இருக்கிற பட்டியலை மாற்றிவிட்டால் போகிறது என்று கம்பானுக்குத் தோன்றியது. புதுப் பெயர் பதினொன்றையும் அழகாக எழுதி, கையெழுத்துப் போட்டு, உப்பு வியாபாரியின் மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்பினார். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினார்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் பூன்தான் முழங்கால்வரை சேறோடு வந்து சேர்ந்தார். புது ஆள், சுறுசுறுப்பு அதிகம். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பட்டியலை விரித்தார்.

"நாப்பத்திரண்டு பேர் இருக்கணுமே வாத்தியார். முப்பத்தொண்ணுதான் இருக்கு."

ஆபீஸ் குமாஸ்தா பழைய பெயர் எதையும் எடுக்காமல் புதுப் பெயர்களை அடியில் சேர்த்துத் தட்டியிருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஆளே இல்லாத பதினோரு பேருக்குப் பாடநூலும் பால்பவுடரும் வாங்கித் தின்கிற வாத்தியார் என்று எழுதிவிட்டால் மாறுதல் இருக்கட்டும், வேலையே போய்விடும்.

விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுத் தாய்மார்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் மாய் யேர். வாயை மூடிக்கொண்டார்.

"நீங்களே பசங்ககிட்ட கேளுங்க சார்" என்றார் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் பட்டியலைப் பார்த்து, முதல் பெஞ்சில் இருந்தவனைக் கேட்டார். "தோ எங்கப்பா?"

"தோ போயிட்டான் சார்."

"எங்க போயிட்டான்?"

"தெரியாது சார். போன மாசம் காய்ச்சல்ல போயிட்டான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அடுத்த பெயரைக் கேட்டார். அந்தப் பெண்ணும் போன மாதம் போய்விட்டிருந்தாள். அதற்கடுத்தவனும் அப்படியே. பதினோராவது பெயரைக் கேட்கும்போது தொப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பிள்ளைகளோ வீட்டில் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் சொன்ன சந்தோஷத்தில் காலாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கம்பான் பதறிப்போய் அவர் காதோரம் குனிந்தார். "யாரும் எங்கயும் போகல சார். பதினோரு பேரும் இங்கதான் உக்காந்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் காலியாகக் கிடந்த கடைசி பெஞ்சைப் பார்த்தார். பிறகு கம்பானைப் பார்த்தார். தனியாக ரொம்ப வருஷம் மலையில் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது. கம்பானின் தோளைத் தட்டி, தைரியமாக இருங்கள், நாளை மறுநாளுக்குள் ஆட்களைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, சமைத்து வைத்திருந்த கோழியைக்கூடத் தொடாமல் இறங்கிப் போனார்.

சொன்னபடி சனிக்கிழமை முகமூடி கட்டிய ஐந்து பேரும் ஒரு பெண் டாக்டருமாகத் திரும்பி வந்தார். ஊரில் யாரையும் வெளியே விடக்கூடாது என்றார்கள். கோழிகளை எண்ணினார்கள். ஆளுக்கொரு ஊசி போட்டார்கள். தலைவர் சோங்நெங்குக்கு, ஆள் பெரியவர் என்பதால், இரண்டாகப் போட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார். கடைசியில் பதினோரு குழந்தைகளின் புதைகுழியைக் காட்டச் சொன்னபோதுதான் ஊர் கொதித்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் குழியா என்று ஆளாளுக்குக் கம்பானின் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

அவர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார் என்பதை மறைப்பதற்கில்லை. வேலை போனது, மானம் போனது, மகளுக்கு இனி கடைசிவரை மாமாதான் என்று அழுதார்.

காப்பாற்றியது டாக்டர் அம்மாள். அவளும் மலைக்காரி. இன்ஸ்பெக்டரை ஓரமாகக் கூட்டிப் போய் என்னவோ சொன்னாள். பிறகு யாருடைய பெயரையும் கேட்காமல், அம்மாக்களை மட்டும் கூப்பிட்டு, உன் வயிற்றில் பிறந்தது எத்தனை, இங்கே நிற்பது எத்தனை என்று எண்ணினாள். கணக்கு ஒன்றுகூடக் குறையவில்லை. யாரும் சாகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் பூன்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பதிவேட்டின் எல்லாப் பக்கத்திலும் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை கோழியையும் உட்கார்ந்து சாப்பிட்டார். பக்கத்தில் தலைவர். மாய் யேர் சோறு வைத்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் சமயம் என்று கம்பான் மெதுவாகக் கேட்டார். "இனியாவது என் மாறுதல் மனுவைக் கொஞ்சம் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் கோழிக்காலைத் தட்டில் வைத்தார்.

"என்ன வாத்தியார் இப்படிக் கேக்கறீங்க? உங்க ஆர்டர் போன மாசமே வந்துருச்சே. ஆபீஸ் ஆள் ஒரு நாள் பூரா நடந்து இந்த ஊருக்கு எடுத்துட்டு வந்தான். கம்பான்னு இங்க யாரும் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டீங்களாம். உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்தாச்சு."

கம்பானுக்குக் கைச்சோறு கையிலேயே நின்றது. தலைவரைப் பார்த்தார். தலைவர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

மாய் யேர் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்க காய்ச்சல்ல நெனவில்லாம கெடந்தீங்க வாத்தியாரே. பன்னெண்டாவதா உங்க பேரையும் மாத்தி முடிக்கிறோம், வாசல்ல ஒண்ணு வந்து நின்னு, 'கம்பான் இருக்காரா, கூட்டிட்டுப் போகணும்'னு கேட்டுச்சு. நானா விடுவேன்?"