ஒரு கணினியை மெலிய வைத்த கதை

எதையும் கழித்துவிட்டால் கெட்டிக்காரன் ஆகிவிடலாம் என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருகோணமலையில் லினக்ஸ் என்ற இயங்குதளம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது என் நினைப்பு. (இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று நான் தேடவில்லை.)

யுத்தத்தில் ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து கப்பல்துறையில் ஒரு முகாமில் இருந்தது. முகாமைப் பார்த்துக்கொண்ட ஞானம் அண்ணையிடம் யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று கிடந்தது.

"தம்பி, மற்ற முகாம்களில இருக்கிற ஆக்களின்ர பட்டியல் சீடியில வரும். அதைத் திறந்து பார்த்தால் போதும்," என்றார்.

அந்தக் கணினிக்கு நினைவகம் மிகக் குறைவு. அதற்காக வீட்டில் இருந்து ஒரு மெலிந்த லினக்ஸைக் கட்டினேன். இது எதற்கு, அது எதற்கு என்று ஒவ்வொரு மென்பொருள் பொதியாகக் கழித்தேன். பட்டியலைத் திறக்கும் மென்பொருளை என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. (ஓடாமல் என்ன செய்யும்? நான் கழித்ததெல்லாம் என் கணினியில் ஏற்கெனவே இருந்தது.)

முகாமில் கணினியைப் பொருத்திய அன்று, முகாம்களுக்கு வாகனம் ஓட்டும் வான்காரர் சீடியைக் கொண்டுவந்தார். கூடவே அதே பெயர்களைக் கையால் எழுதிய கொப்பி ஒன்றும் இருந்தது.

"கொப்பி தேவையில்லை அண்ணை. எல்லாம் இதில இருக்கு," என்று அதைத் திருப்பி அனுப்பினேன்.

கதிரைக்குப் பின்னால் பரமேஸ்வரி அக்கா நின்றார். ஓடி வந்த அவசரத்தில் அவருடைய ஒன்பது வயது மகள் சுகந்தியை வேறு லொறியில் ஏற்றிவிட்டார்கள். பிள்ளை எந்த முகாமில் என்று பட்டியலில் காட்டினால்தான் வெளியே போக அவருக்குப் பாஸ் கிடைக்கும்.

மென்பொருள் திறக்கவில்லை. ஒரு கோப்பு இல்லை என்றது. முகாமில் இணையம் இல்லை. பட்டினத்துக்குப் போய், அதை இறக்கி, சீடியில் எழுதி, மறுநாள் வந்தேன். அந்தக் கோப்பு வேறொரு கோப்பைக் கேட்டது. திரும்பவும் பட்டினம். சோதனைச் சாவடிச் சிப்பாய் என் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்தும் சீடி, இண்டைக்கும் சீடி?" என்றான். 

"இன்னும் ஒண்டுதான் அக்கா," என்று இரண்டு நாளும் சொன்னேன். அவரும் இரண்டு நாளும் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் பட்டியல் திறந்தது. திரை முழுக்க எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்ன வெற்றுப் பெட்டிகள். இடம் மிச்சம் பிடிக்க நான் முதலில் கழித்தது தமிழ் எழுத்துருக்களைத்தான். வீட்டில் ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்திருந்தேன்.

பரமேஸ்வரி அக்கா குனிந்து பார்த்தார். "இதில என்ர பிள்ளை எந்தப் பெட்டி தம்பி?"

 அடுத்த சீடிக்காக எழும்பினேன். ஞானம் அண்ணை என் தோளைப் பிடித்து இருத்தினார்.

"நீர் இரும். ஆரும் வான்காரரிட்டப் போய் அந்தக் கொப்பியை எடுத்து வாங்கோ."

இரண்டாம் பக்கத்திலேயே சுகந்தி இருந்தாள். பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில்.

பாஸ் எடுத்து வானில் போனோம். வெட்கம் கெட்டு நானும் ஏறினேன். பிள்ளை ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "இங்க எல்லாற்ற அம்மாவும் வந்திட்டினம். நீங்கள் ஏன் வரேல்ல?" என்று கேட்டாள்.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "றோட்டுப் பூட்டு, மகள்," என்றார்.

பாதை மூடியிருந்ததாகச் சொன்னாரே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வானுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

பிறகு இரண்டு வீடும் உறவுபோல ஆகிவிட்டது. சுகந்தியின் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.  சிரித்தாள். அன்று தொடக்கம் நான் எதைச் சொதப்பினாலும், என் மனைவி உட்பட எல்லோரும் "றோட்டுப் பூட்டு" என்பார்கள்.

போன மாதம் சுகந்தியின் மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் பத்து நிமிடம் பிந்திவிட்டேன். வாசல் படலையடியில் தனியே நின்ற பிள்ளை, "மாமா, றோட்டுப் பூட்டோ?" என்றாள். வீட்டில் பழக்கிய பகிடி. நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து மணி அடிக்க அரை மணித்தியாலம் முந்தியே போய் நிற்கிறேன்.