தண்டுவடத்தின் முதுகு

திருவொற்றியூரில் உயிரோடு இருக்கிறவர்களை எலும்புக்கூடாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் எங்கள் 'தண்டுவடம்'தான். நான் ரிப்போர்ட் டைப் அடித்த ஸ்கேன் சென்டரில் அவர் எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டுபவர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

முகம் அவர் ஞாபகத்தில் தங்காது. முதுகு தங்கும். மார்க்கெட்டில் முன்னால் போகிற யாரையாவது காட்டி, "அந்தாளு அஞ்சாவது எலும்பு லேசா நழுவிக் கீது" என்று என் காதில் கிசுகிசுப்பார். அந்த ஆள் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். மெஷின் 'டக் டக்' என்று இடிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, திரையில் தெரியும் முதுகெலும்போடு பேசுவார்: "பயப்படாத கண்ணு, அசையாத." உள்ளே படுத்திருப்பவருக்கு அது கேட்காது. எலும்புக்குக் கேட்டதா என்று நான் விசாரித்ததில்லை.

ஒருமுறை மீன் விற்கும் மலரக்கா இடுப்பு வலியோடு வந்தார். ஜவ்வு தேய்ந்திருக்கிறது, பிதுங்கியிருக்கிறது என்று அவருடைய ரிப்போர்ட்டை அடித்தவன் நான். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வழக்கம்போல நடமாடு என்றாராம். மலரக்கா டாக்டரை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பினார். படுத்தவர் மூன்று வாரமாக எழவில்லை.

செய்தி கேட்டுத் தண்டுவடம் என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். பட்டப்பகலில் வீடு இருட்டாக இருந்தது. மலரக்கா நெஞ்சில் கைகளைக் கோத்து, கண் மட்டும் அசைய, மல்லாந்து கிடந்தார். மாலைதான் பாக்கி.

"அசைஞ்சா ஒடைஞ்சிரும் நைனா," என்றார், உதடு பிரியாமல்.

தண்டுவடம் ஜன்னலைத் திறந்து, கையோடு கொண்டுவந்த ஒரு ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். வெளுத்த எலும்புகள். நடுவே ஜவ்வெல்லாம் கருகியதுபோல இருந்தது.

"இது உன்னுதா பாரு."

"இல்ல, இது ரொம்ப மோசமா கீது. இந்தாளு கீறானா, போய்ட்டானா?"

"உன் எதுர்ல நின்னுகினு கீறான்."

மலரக்காவின் கண் ஃபிலிமிலிருந்து அவர் இடுப்புக்கு இறங்கியது.

"மெஷின் புதுசா வந்தப்போ என்னத்தான் படுக்க வெச்சுப் பாத்தாங்கோ. அன்னிக்கும் வலி இல்ல, இன்னிக்கும் இல்ல. தலை நரைக்கிற மாதிரிதான் இதுவும். உன் வலி நெசம். ஒடைஞ்சிரும்ன்றது பொய்."

சொல்லிவிட்டு, மூலையில் இருந்த இரண்டு தண்ணீர்க் குடங்களையும் தூக்கிக்கொண்டு, வேட்டி அவிழ, அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். மலரக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் முதுகு குலுங்கியது. உடையவில்லை. சுவரைப் பிடித்து மெல்ல எழுந்து, வாசல்வரை நடந்தார்.

அடுத்த மாதம் மலரக்காவை அரைக்கூடை மீனோடு மார்க்கெட்டில் பார்த்தேன். "வலி கீது. நானும் கீறேன்," என்றார்.

ஆனால் அன்று குப்பத்திலிருந்து திரும்பும்போது தண்டுவடத்தால் ஷேர் ஆட்டோவில் குனிந்து ஏற முடியவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"கொடம் தூக்குனது புடிச்சிகிச்சு. படத்துல தெரியாத வலி இது பா, நாலு நாள்ல போய்டும். மலரக்காகிட்ட சொல்லிடாத."

அந்த வாரம் முழுக்க, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். அந்த ஃபிலிமைப் பார்த்துவிட்டேனே, கைக்குழந்தைக்குத் தேய்ப்பதுபோலத்தான் தேய்த்தேன்.